22 இன்ச் பாருக்கு எந்த செயின்? கடைக்குக் கடை ஒரு அளவு சொல்கிறார்கள்

கொட்டாம்பட்டி தோப்பு:

வணக்கம். கொட்டாம்பட்டி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை ஒட்டிய நிலம் பல வருடம் தரிசாகக் கிடந்து சீமைக் கருவேலம் காடாக மண்டிவிட்டது. அதை அழித்துவிட்டு ஆடிப்பட்டத்துக்குக் கடலை போட வேண்டும். தோப்பிலும் வண்டு விழுந்து கொண்டை காய்ந்த மரங்கள் நிற்கின்றன, அவற்றையும் சாய்க்கணும். ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொந்தக்காரர் ஒருவரிடம் இருந்த 58 சிசி பெட்ரோல் செயின் சாவை வாங்கிக்கொண்டோம். சீன மிஷின், மேலே ஒட்டியிருந்த பேரெல்லாம் அழிந்துவிட்டது, புத்தகமும் இல்லை. 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு).

இன்ஜின் ஒரு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, அதில் குறையில்லை. செயின்தான் முடிந்துவிட்டது. பல்லெல்லாம் அரம் போட்டுப் போட்டுக் குச்சியாகிவிட்டன, இரண்டு பல் உடைந்தே போயிருக்கிறது. பாரின் விளிம்பில் விரலை வைத்தால் பிசிறு குத்துகிறது.

புதுச் செயின் வாங்க மதுரைக்குப் போனால் ஒரு கடையில் "22 இன்ச்தானே, இந்தாங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அடியில் தொங்குகிறது, டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருகியும் இறுகவில்லை. இன்னொரு கடையில் உனக்கு 3/8 வேண்டும் என்கிறார், அடுத்தவர் 0.325 என்கிறார், மூன்றாமவர் இதெல்லாம் எதற்கு, பாரையும் சேர்த்து 18 இன்ச்சாக மாற்றிவிடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இந்த எண்களுக்கெல்லாம் என்ன அர்த்தம், என் மிஷினுக்கு எது சேரும் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? பாரையும் மாற்றித்தான் ஆகணுமா? 22-லேயே இருக்கலாமா, 18-க்கு இறங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் பட்டறை:

தம்பி, முதலில் இன்ச்சை மறந்துவிடுங்கள். செயின் வாங்கும்போது இன்ச் சொல்லி வாங்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம். இன்ச் என்பது பார் மிஷினை விட்டு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு உத்தேசமான கணக்கு, அவ்வளவுதான். செயினுக்கு மூன்று அளவு இருக்கிறது, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது உங்கள் செயின்.

முதல் அளவு பிட்ச். அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவிட்டில் முதல் ரிவிட்டின் நடுவிலிருந்து மூன்றாவது ரிவிட்டின் நடு வரைக்கும் அளந்து பாதியாக்குங்கள், அதுதான் பிட்ச். மூன்று ரிவிட்டுக்கு 16.5 மி.மீ. வந்தால் 0.325. 18.6 வந்தால் 3/8. 20.5 வந்தால் 0.404, அது பெரிய காட்டு மிஷினுக்குப் போடுவது, உங்களுக்கு இருக்காது. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால் 3/8-லேயே இரண்டு சாதி உண்டு. சின்ன மிஷின்களுக்கு வரும் 3/8 லோ புரொஃபைல், பெரிய மிஷின்களுக்கு வரும் சாதா 3/8. ரிவிட்டை அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காட்டும், ஆனால் லோ புரொஃபைல் குட்டையாக, ஒல்லியாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது, பாரின் மூக்கும், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் வேறு வேறு. கடையில் "3/8 குடுங்க" என்று மட்டும் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேஜ். செயினின் அடியில் சுறா மீன் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் டிரைவ் லிங்க், பாரின் பள்ளத்துக்குள் ஓடுவது. அதன் கனம்தான் கேஜ். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று நாலு அளவு புழக்கத்தில் இருக்கிறது. இன்ச் கணக்கில் 0.043, 0.050, 0.058, 0.063 என்று போட்டிருப்பார்கள். 1.5-க்கும் 1.6-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது, வெர்னியர் வைத்துத்தான் பார்க்கணும். 1.5 பள்ளத்தில் 1.6 செயின் இறங்கவே இறங்காது, அதனால் அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். வம்பு எதில் என்றால் 1.6 பள்ளத்தில் 1.5 செயினைப் போடுவதில். ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும், வெட்டு கோணலாகப் போகும். அளக்கும்போது பாரின் பள்ளத்தை அளக்காதீர்கள், உங்கள் பார் தேய்ந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள், தேய்ந்த பள்ளம் பொய் சொல்லும். பழைய செயினின் டிரைவ் லிங்க்கை, தேய்மானம் இல்லாத இடமாகப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, டிரைவ் லிங்க் எத்தனை என்ற எண்ணிக்கை. பழைய செயினைத் தரையில் போட்டு, ஒரு லிங்க்கில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, அங்கிருந்து ஒரு சுற்று எண்ணுங்கள். மேலே இருக்கும் பல்லை எண்ணாதீர்கள், அடியில் இருப்பதை எண்ணுங்கள். பழைய செயினையும் புதியதையும் நீளமாகப் பிடித்துச் சரிபார்ப்பதும் வேண்டாம், பழையது ரிவிட் ஓட்டை தேய்ந்து நீண்டிருக்கும்.

இன்ச்சை நம்பாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? ஸ்டில் (Stihl) கம்பெனியின் சில மிஷின்களில் 18 இன்ச் 0.325 பாருக்கு 68 லிங்க், ஹஸ்க்வர்னா கம்பெனி மிஷினில் அதே 18 இன்ச் 0.325 பாருக்கு 72 லிங்க். அப்புறம் அதே ஹஸ்க்வர்னாவில் 20 இன்ச் 3/8 பாருக்கும் 72 லிங்க்தான். ஆக இன்ச் ஒன்றாக இருந்தும் செயின் வேறாகலாம், லிங்க் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பிட்ச் வேறாகலாம். உங்களுடையது போல 58 சிசி என்று விற்கும் சீன மிஷின்களில் 22 இன்ச்சுக்குப் பெரும்பாலும் 0.325 பிட்ச், 1.5 கேஜ், 86 லிங்க் வரும். ஆனால் நான் சொன்னதை வைத்து வாங்கிவிடாதீர்கள், முன்னால் வைத்திருந்தவர் பாரையே மாற்றியிருக்கலாம். நீங்கள் அளந்து எண்ணியதை வைத்து வாங்குங்கள்.

பாரின் அடிப்பக்கம், மிஷினோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பாருங்கள். நிறையப் பார்களில் பிட்ச், கேஜ், லிங்க் மூன்றும் அங்கே அடித்திருக்கும். செயினிலும் டிரைவ் லிங்க் முகத்தில் ஒரு எண் இருக்கும். ஓரிகன் கம்பெனிச் செயினில் 21 என்றால் 0.325 பிட்ச், 1.5 கேஜ். 22 என்றால் அதே பிட்ச், 1.6 கேஜ். 91 என்றால் 3/8 லோ புரொஃபைல், 1.3. ஸ்டில் செயினாக இருந்தால் டிரைவ் லிங்க்கில் ஒற்றை எண் இருக்கும், 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6.

எல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள். கை வைக்கும் முன்னால் பிளக் வயரைக் கழற்றிப் போடுங்கள், கையில் தோல் கிளவுஸ் இருக்கட்டும். மொட்டைச் செயினும் விரலைக் கிழிக்கும்.

மானாமதுரை கரிமூட்டம்:

பட்டறை அண்ணன் அளவைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் செயின் வகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கருவேலத்தோடு தினமும் மல்லுக்கட்டுவது நாங்கள்.

கடையில் அளவு சரியாகச் சொல்லிவிட்டாலும் பல் எந்த மாதிரி வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஃபுல் சிசல் என்று ஒன்று, பல்லின் மூலை சதுரமாகக் கூர்மையாக இருக்கும். செமி சிசல் என்று ஒன்று, மூலை கொஞ்சம் உருண்டிருக்கும். புது ஃபுல் சிசலைப் பச்சை மரத்தில் வைத்தால் தண்ணீராக இறங்கும், அதில் மறுப்பில்லை. ஆனால் நம் ஊர்க் கருவேலம் அப்படிப்பட்ட மரம் இல்லை. கட்டை இரும்பு மாதிரி, பட்டை வெடிப்பில் எல்லாம் புழுதி ஏறியிருக்கும், கண்மாய் ஓரத்து மரமென்றால் தூரில் வண்டலே அப்பிக்கிடக்கும். அந்த மண்ணில் ஒரு தடவை பட்டால் சதுர மூலை போய்விடும், மூலை போனால் பல்லே போன மாதிரி. செமி சிசல் கொஞ்சம் மெதுவாக வெட்டினாலும் அதே மண்ணில் நின்று உழைக்கும். கருவேலத்துக்கும், காய்ந்த புளிக்கும், மணல் படிந்த தென்னைக்கும் செமி சிசலே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. கருவேலத்தைத் தரையோடு தரையாக அறுக்கப் போகாதீர்கள். செயின் வீணாவது ஒரு பக்கம், மரமும் சாகாது. அது வெட்ட வெட்டத் துளிர்க்கும். 2017 வாக்கில் ஹைகோர்ட் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வெட்டினோம். தூரை விட்ட இடமெல்லாம் பழையபடி காடாகிவிட்டது, வேரோடு பிடுங்கிய இடத்தில்தான் இன்று உழவு ஓடுகிறது. அதனால் முழங்கால் உயரத்துக்குத் தூரை விட்டு மேலே அறுத்துக்கொள்ளுங்கள், அந்த உயரத்தில் மண்ணும் இருக்காது. அப்புறம் ஜேசிபி விட்டுத் தூரைப் பிடுங்கச் சொல்லுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை பக்கெட்டுக்குப் பிடியாக இருக்கும். கட்டையும் தூரும் கரிமூட்டத்துக்கு விலை போகும், கொளுத்திவிடாதீர்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கருவேலத்துக்குள் நுழையாதீர்கள். முள் எகிறி விழியில் அடித்தால் வைத்தியத்துக்கு அலையணும்.

நத்தம் புளியந்தோப்பு:

18 இன்ச்சுக்கு மாற்று என்று சொன்னவர் பேச்சைக் கேட்டு அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் புளிய மரம் அடித்தூர் நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாது. 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களைத் துண்டு போட்டபோது 22 இன்ச் பார் இருந்ததால்தான் வேலை முடிந்தது. பார் நீளமாக இருந்தால் குனிய வேண்டியதும் இல்லை, இடுப்பு தப்பிக்கும். இருக்கிற 22-க்கே நல்ல பாரும் செயினும் வாங்கிப் போடுங்கள், நாளைக்குப் பெரிய மரம் வந்தால் கைவசம் இருக்கும்.

திருமங்கலம் பட்டறை:

நத்தம் அண்ணே, புளிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் தம்பி வெட்டப்போவது புளி இல்லை, கருவேலமும் தென்னையும். தென்னை நடுமரம் ஒரு அடிக் கனம் இருந்தால் அதிகம், தரையை ஒட்டி மட்டும் கொஞ்சம் பருத்திருக்கும். கருவேலத்தில் ஒரு அடிக்கு மேல் கனம் உள்ளது அபூர்வம். 18 இன்ச் பாரை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் அதைவிடத் தடித்த மரத்தையும் துண்டு போடலாம்.

பார் நீள நீள இன்ஜினுக்குச் சுமைதான். 86 லிங்க் செயினை இழுப்பதற்கும் 72 லிங்க் செயினை இழுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதே ஆயில் பம்ப் தான் 22 இன்ச் பாருக்கும் நுனி வரைக்கும் எண்ணெய் அனுப்பியாகணும். கருவேலத்தில் முழுப் பாரையும் புதைத்து அழுத்தும்போது 58 சிசி என்று எழுதிய சீன மிஷின் மூச்சு முட்டும், ஆள் மேலும் அழுத்துவார், செயின் சூடேறி நீளும், பார் விளிம்பு நீலம் பாயும். தம்பியுடைய பாரில் பிசிறு வந்ததும் இப்படித்தான் இருக்கும். நெருக்கமான கருவேலப் புதரில் பாரின் நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பின்னால் நிற்கும் கிளையில் இடிக்கும். நுனியின் மேல் பாதி இடித்தால் மிஷின் அப்படியே முகத்தை நோக்கி எகிறும். பார் நீளம் கூடக் கூட நுனியைக் கவனிப்பது கஷ்டம், புதுசாக மிஷின் பிடிப்பவருக்கு இதற்காகவே 18 சொல்லுவேன்.

நத்தம் புளியந்தோப்பு:

எகிறும் விஷயத்தில் மறுபேச்சு இல்லை, பெரிய மிஷின் பிடித்துப் பழகிய ஆளையே அது ஏமாற்றும். கருவேலப் புதருக்கு 18 என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய 22 பாரைத் தூக்கி எறிய வேண்டாம், விளிம்பைத் தட்டை அரத்தில் ராவி வைத்துக்கொண்டால் எப்போதாவது ஒரு பெரிய தூருக்கு உதவும்.

கொட்டாம்பட்டி தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். மூன்று ரிவிட்டுக்கு 16.5, அப்படியானால் 0.325. பக்கத்து லேத்தில் வெர்னியர் வாங்கி டிரைவ் லிங்க்கை அளந்தால் ஒரு இடத்தில் 1.45, ஒரு இடத்தில் 1.47 காட்டுகிறது. எண்ணிக்கை 86. பாரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்ததும் 0.325, 0.058, 86 என்று மூன்றுமே அடித்திருந்தது தெரிந்தது, இத்தனை நாள் அழுக்குக்கு அடியில் இருந்திருக்கிறது. கடையில் கொடுத்த செயினை எண்ணினால் 88, அதனால்தான் தொங்கியிருக்கிறது. பிரிக்காத பாக்கெட் இல்லை அது, ரீலில் இருந்து வெட்டி ரிவிட் அடித்துக் கொடுத்தது.

மூன்று சந்தேகம் இருக்கிறது. பழைய செயினில் எல்லா இடத்திலும் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வருகிறது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு வலப்பல் அடுத்தடுத்து இருக்கிறது. யாராவது ஒட்டுப் போட்ட செயினா இது? அப்புறம் 88 செயினில் இரண்டு லிங்க் எடுத்துவிட்டு 86 ஆக்கித் தரச் சொல்லலாமா? மூன்றாவது, கிளட்ச் பக்கம் இருக்கும் பல்சக்கரத்தில் செயின் ஓடிய தடம் நகம் மாட்டும் அளவுக்குக் குழிந்திருக்கிறது, அதையும் மாற்றணுமா?

திருமங்கலம் பட்டறை:

அளவு எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது. 1.45 என்பது தேய்ந்த 1.5 தான், பாரில் 0.058 என்று இருப்பதும் அதுவே. இனி யார் 3/8 என்றாலும் கேட்காதீர்கள்.

இரண்டு வலப்பல் சேர்ந்து வருவது ஒட்டு இல்லை. இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு வெட்டுப்பல் வரும். 86 லிங்க் என்றால் 43 பல், ஒற்றைப்படை. இடம் வலம் என்று மாறி மாறி வைத்துக்கொண்டே போனால் முடிகிற இடத்தில் ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து வந்துதான் தீரும், கம்பெனிச் செயினிலும் அப்படித்தான் இருக்கும். 72 லிங்க் என்றால் 36 பல், அதில் சுற்று முழுக்க மாறி மாறி வரும்.

88-ஐ 86 ஆக்கலாம், செயின் பிரேக்கரும் ரிவிட் ஸ்பின்னரும் உள்ள கடையில். சுத்தியலால் தட்டி ரிவிட் அடிக்கிற கடையில் வேண்டாம். வாங்கும்போது ஒன்று செய்யுங்கள், ஒட்டுப் போட்ட லிங்க்கை இரண்டு விரலில் பிடித்து மடக்கி நீட்டிப் பாருங்கள். மற்ற லிங்க் எல்லாம் தானாக மடிந்து விழும்போது அது மட்டும் விறைப்பாக நின்றால் ரிவிட் அதிகமாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அது பாரின் மூக்கில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டே போகும், கடைசியில் அங்கேதான் அறும். ரிவிட் தலை சுற்றியும் ஒரே மாதிரி உருண்டு படிந்திருக்கணும், ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் தூக்கி இருக்கக் கூடாது. அறுந்த செயின் சாட்டை மாதிரி வீசும், இதில் மட்டும் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல்சக்கரத்தைக் கண்டிப்பாக மாற்றணும். குழி அரை மி.மீ. ஆழம் வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு, நகம் மாட்டுகிறது என்றால் அந்த அளவைத் தொட்டிருக்கும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் சக்கரத்தின் பிட்ச் ஒன்று, செயினின் பிட்ச் ஒன்று என்றாகி, டிரைவ் லிங்க்கின் அடி சீக்கிரமே சிதைந்துவிடும். பொதுவாக இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு சக்கரம் மாற்றுவது வழக்கம். வாங்கும்போது 0.325-க்கு 7 பல் சக்கரம் என்று சொல்லிக் கேளுங்கள், பழையதையும் எண்ணிப் பார்த்துக் கையோடு கொண்டுபோங்கள்.

கழற்றும்போது கவனம். இந்த மிஷின்களில் கிளட்ச் இடமறை, கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல மறுபக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், மறை போய்விடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக நைலான் கயிற்றைச் சிலிண்டருக்குள் விட்டால் பிஸ்டன் நின்றுகொள்ளும், அப்புறம் திருகலாம். ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பிஸ்டனை நிறுத்தாதீர்கள், தலை ஓட்டையாகும்.

18-க்கு மாறுவதானால் 0.325, 1.5, 72 லிங்க் பாரும் செயினும் சேர்த்து வாங்குங்கள். பாரின் அடிப்பக்க அமைப்பு மிஷினுக்கு மிஷின் வேறு. போல்ட் இறங்கும் நீளப் பள்ளத்தின் அகலம், டென்ஷன் பின் உட்காரும் ஓட்டை, எண்ணெய் வரும் ஓட்டை மூன்றும் பழைய பாரோடு மேலே மேலே வைத்தால் பொருந்த வேண்டும். முதல் இரண்டும் பொருந்தி எண்ணெய் ஓட்டை மட்டும் தள்ளியிருந்தால் மாட்டிவிடலாம், ஓடவும் செய்யும், ஆனால் பாருக்கு எண்ணெய் போகாது. மாட்டியதும் ஒரு அட்டைப் பெட்டிக்கு மேலே நுனியைக் காட்டி மிஷினை முடுக்குங்கள். அட்டையில் எண்ணெய்த் தெறிப்பு ஒரு கோடாக விழணும். விழவில்லை என்றால் மரத்தில் வைக்காதீர்கள்.

சோழவந்தான் தென்னை:

எண்ணெய்ப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் டூவீலர் கடையில் வடித்த கறுப்பு எண்ணெயைத்தான் பாதிப் பேர் ஊற்றுகிறார்கள், சும்மா கிடைக்கிறதே என்று. அதில் இன்ஜினில் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கிறது, பம்ப்பை அரிக்கும், ஓட்டையை அடைக்கும். பார் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், நுனியில் செயின் திரும்பும்போது சிதறிப் போகாமல் ஒட்டிக்கொள்ளும்.

தென்னையில் இன்னொரு தொல்லை உண்டு. மற்ற மரம் போல சிராயாக வராது, நார் நாராக வரும். அந்த நார் சக்கர மூடிக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டு எண்ணெயையும் உறிஞ்சிவிடும். ஒரு மரம் சாய்த்ததும் மிஷினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி நாரை வழித்து எடுங்கள், பாரின் பள்ளத்தையும் தகட்டுத் துண்டை விட்டுச் சுரண்டிவிடுங்கள். அடிமரத்தில் மண் படிந்திருந்தால் அறுக்கும் இடத்தை அரிவாளால் செதுக்கிவிட்டு வையுங்கள். கொண்டை போன மரம் மேலே உளுத்து நிற்கும், அதிர்வில் தலை ஒடிந்து அறுப்பவர் மேலேயே விழும். கீழே மிஷினை வைக்கும் முன்னால் மேலே அண்ணாந்து பாருங்கள், கயிறு கட்டி இழுக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்பில் பனை ஏதாவது நின்றால் அதைத் தொடாதீர்கள் தம்பி. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

கொட்டாம்பட்டி தோப்பு:

பனை மூன்று நிற்கிறது, அவை அப்படியே நிற்கட்டும்.

18-க்கே மாறிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். 72 லிங்க் செமி சிசல் செயின் இரண்டு, பார் ஒன்று, சக்கரம் ஒன்று. ஒரு செயின் மொட்டையானால் காட்டிலேயே உட்கார்ந்து ராவாமல் அடுத்ததை மாற்றிக்கொள்ளலாம். 88 செயினைத் திருப்பிக் கொடுக்கப் பேசிவிட்டேன், எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியாக ஒன்று, இந்தச் செயினுக்கு எந்த அரம் வாங்குவது? வீட்டில் ஒரு உருட்டு அரம் கிடக்கிறது, 4 மி.மீ. இருக்கும், போதுமா?

மானாமதுரை கரிமூட்டம்:

போதாது. 4 மி.மீ. என்பது 3/8 லோ புரொஃபைலுக்கு. 0.325-க்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். சின்ன அரத்தைப் போட்டால் பல்லின் வயிற்றில் பள்ளம் விழுந்து மேல் நுனி கொக்கி போல நீளும். முதலில் பயங்கரமாக வெட்டும், கருவேலத்தில் நாலு வெட்டுக்குள் நுனி மடங்கிவிடும். பல்லில் மேல் தட்டில் சாய்வாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு நேராக 30 டிகிரி வைத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கைத் தள்ளு. ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆனால் வெட்டு வளைந்து போகும்.

பல்லுக்கு முன்னால் ஒரு மேடு நிற்கிறதே, பல்லை ராவ ராவ பல் தாழ்ந்து, அதோடு பார்த்தால் அந்த மேடு உயர்ந்துகொண்டே வரும். அந்த மேடு பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்கணும், அதற்கென்று தகடு விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். அளக்காமல் அதிகமாகத் தேய்த்துவிட்டால் செயின் மரத்தைக் கடித்து இழுக்கும், மிஷின் எகிறுவதும் கூடும். எப்போது ராவ வேண்டும் என்று அளவெல்லாம் பார்க்க வேண்டாம். கருவேலத்தில் சிராய் சிராயாக வந்துகொண்டிருந்தது மாவு மாதிரி வர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அழுத்தி வெட்டினால் பார்தான் போகும்.

திருமங்கலம் பட்டறை:

புதுச் செயின் முதல் நாள் நிறைய நீளும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, நிறுத்தி, இறுக்கிப் பாருங்கள். இறுக்கும்போது நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்பணும், அடியில் செயின் பாரோடு ஒட்டியிருக்கணும், ஆனால் கிளவுஸ் போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடணும். சூட்டில் இறுக்கிய செயினை அப்படியே விட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறும்போது சுருங்கி பாரையும் கிராங்க் பேரிங்கையும் பிடித்து இழுக்கும், வேலை முடிந்ததும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு மறுநாள் புதுசாக இறுக்குங்கள். பாரையும் செயின் மாற்றும்போதெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

வாங்கப் போகும்போது பழைய பார், பழைய செயின், பழைய சக்கரம் மூன்றையும் சாக்கில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் முன்னாலேயே 72 எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.